கைவினைக் கண்காட்சியில் முதல் கடை: புறப்படும் முன் போட வேண்டிய கணக்கு

மளிகைக் கடைக்காரனுக்கும் கைவினைக் கண்காட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று உறுப்பினர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பாகூர், வில்லியனூர் கொம்யூன்களில் நமது உறுப்பினர்கள் பலருடைய வீட்டிலேயே இப்போது ஏதாவது ஒரு கைத்தொழில் நடக்கிறது. ஒரு வீட்டில் பனை ஓலைக் கூடை பின்னுகிறார்கள். இன்னொரு வீட்டு மருமகள் மகளிர் குழுவில் சேர்ந்து சுடுமண் விளக்கும் பொம்மையும் செய்கிறார். செய்பவர் நம் வீட்டில் இல்லாவிட்டாலும் நம் கடையில் மாதக் கணக்கு வைத்திருப்பவராக இருப்பார். அவர் கண்காட்சிக்குப் போய் நட்டப்பட்டு வந்தால் அந்தப் பாக்கி நம் பேரேட்டில்தான் நிற்கும்.

செலியமேட்டில் சிறிய கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் சென்ற மாதம் எங்களிடம் சரக்கு எடுக்க வந்தபோது இதைத்தான் கேட்டார். அவருடைய மனைவியும் இன்னும் நான்கு பெண்களும் சேர்ந்து முப்பதாயிரம் ரூபாய் பெறுமானமுள்ள சுடுமண் பொருள்கள் செய்து வைத்திருக்கிறார்கள். பாதிப் பணம் குழுக் கடன். முதன்முறையாக ஒரு கண்காட்சியில் கடை போட இடம் கிடைத்திருக்கிறது. "என்னென்ன எடுத்துக்கிட்டுப் போகணும் ஐயா?" என்றார். எடுத்துப் போவது பிறகு. கணக்கு முதலில் என்றோம். அவருக்குச் சொன்னதை மற்றவர்களுக்கும் பயன்படும்படி விரிவாக எழுதுகிறோம்.

முதலில் நம் சரக்கின் பெருமையை நாம் தெரிந்து கொள்ள வேண்டும். அரியாங்குப்பத்தை ஒட்டிய அரிக்கமேட்டில் 1945-ல் மார்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானியர்களின் மதுச்சாடிகளும் மணிகளும் கிடைத்ததை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். அங்கே மணி செய்து கப்பலில் ஏற்றியவர்கள் கைவினைஞர்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கைப்பொருளை வெளியூர்க்காரனுக்கு விற்ற மண் இது. இன்று வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமிக்கு 2020-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. இவற்றையெல்லாம் வாங்க வருபவரிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். கண்காட்சிக்கு வருபவர் பொருளோடு அதன் சங்கதியையும் சேர்த்தே வாங்குகிறார்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. புவிசார் குறியீடு என்பது ஊர்ப் பெயரை யார் வேண்டுமானாலும் ஒட்டிக் கொள்ளும் உரிமை அன்று. 1999-ஆம் ஆண்டின் சட்டப்படி அந்தப் பெயரைப் போட்டு விற்க, அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு அலுவலகம் சென்னை கிண்டியில் உள்ளது. வெளியூரிலிருந்து அச்சில் வார்த்த பொம்மையை மூட்டையாக வாங்கி வந்து, 'வில்லியனூர் வேலை' என்று சீட்டு ஒட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அது சட்டப்படியும் தவறு, செய்கிறவன் வயிற்றிலும் அடிக்கிறது. செலியமேட்டுக் குழு தன் சீட்டில் 'செலியமேடு மகளிர் கையால் செய்தது' என்று உள்ளதை உள்ளபடி எழுதினால் போதும்.

அடக்கவிலை

மளிகையில் நமக்கு அடக்கவிலை தெரியும். மூட்டை விலை, வண்டிக் கூலி, இறக்குக் கூலி, எடைக் குறைவு எல்லாம் சேர்த்துத்தான் கிலோ விலை போடுகிறோம். கைவேலை செய்கிறவர்கள் இதைச் செய்வதில்லை. மண், விறகு, வண்ணம் இவற்றின் செலவை எழுதுவார்கள். சொந்தக் கூலியை எழுத மாட்டார்கள். "எங்கூலிய எதுக்குங்க ஐயா எழுதறது? வூட்ல சும்மாதான இருக்கேன்" என்று அந்தக் குழுவில் ஓர் அம்மா சொன்னார். சும்மா இருந்தால் எப்படி முப்பதாயிரம் ரூபாய்ச் சரக்கு உண்டாயிற்று? ஒரு விளக்குக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது, அதே நேரம் வயலில் களை எடுக்கப் போனால் என்ன கூலி கிடைக்கும் என்று பார்த்து அந்தக் கூலியை எழுத வேண்டும். கூலியை எழுதாத கணக்கில் வருவதெல்லாம் லாபம் போலத் தெரியும்.

அடுத்தது கண்காட்சிச் செலவு. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்து நாள் கண்காட்சி. இடவாடகை 4,000 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். சிறிய வேன் போக வர 3,000. இருவருக்குச் சாப்பாடு, தேநீர் நாளொன்றுக்கு 400 வீதம் 2,000. கட்டும் பொருள், பை, சீட்டு 1,000. ஆக 10,000 ரூபாய். கொண்டு போகும் சரக்கின் அடக்கம், கூலி உட்பட, 30,000.

முப்பதுக்குப் பத்து, ஆகவே மூன்றில் ஒரு பங்கு ஏற்றினால் போதும் என்று நினைக்கத் தோன்றும். அங்கேதான் கணக்கு உதைக்கிறது. முதல் கண்காட்சியில் எல்லாச் சரக்கும் விற்காது. முக்கால் பங்கு விற்றால் நல்ல வியாபாரம். அப்படியானால் விற்ற 22,500 ரூபாய்ச் சரக்குதான் அந்த 10,000 ரூபாய்ச் செலவைச் சுமக்க வேண்டும். ரூபாய்க்கு நாற்பத்து நான்கு பைசாவுக்கு மேல் வருகிறது. 90 ரூபாய் அடக்கமுள்ள விளக்கின் தலையில் 40 ரூபாய் ஏறும். 130 ரூபாய்க்கு விற்றால்தான் கையைக் கடிக்காது. இதில் உடைசல் சேரவில்லை, லாபமும் சேரவில்லை. ஆகவே 160 என்று சீட்டு ஒட்ட வேண்டும். வாங்குபவர் பேரம் பேசி 120-க்குக் கேட்டு, நாமும் '90 அடக்கம்தானே, முப்பது ரூபாய் நிற்கிறதே' என்று கொடுத்துவிட்டால் ஒவ்வொரு விளக்குக்கும் பத்து ரூபாய் நட்டம். கூட்டம் அலைமோதும், கல்லா நிறையும், ஊருக்கு வந்து எண்ணிப் பார்த்தால் முதல் குறைந்திருக்கும்.

எனவே பொருளுக்குப் பொருள் இதற்குக் கீழ் இறங்கக் கூடாது என்ற விலையை ஒரு நோட்டில் எழுதிக் கடையில் இருப்பவரிடம் கொடுத்துவிட வேண்டும். பேரம் பேசுகிறவருக்கு விலையைக் குறைப்பதைவிட, இரண்டு வாங்கினால் ஒரு சிறு அகல் இலவசம் என்று கொடுப்பது மேல். மளிகையில் நாம் கறிவேப்பிலைக் கொத்து போடுவது போல.

எந்தக் கண்காட்சி?

இடம் கிடைத்தது என்பதற்காக எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிடக் கூடாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குழுவினர் தனியார் ஒருவர் நடத்திய கண்காட்சிக்கு முன்பணம் கட்டினார்கள். போய்ப் பார்த்தால் அவர்களுக்குக் கொடுத்த இடம் ஜெனரேட்டருக்குப் பின்புறம். சுற்றிலும் பிளாஸ்டிக் சாமானும் மெத்தை விரிப்பும் விற்கும் கடைகள். எதை வாங்கினாலும் நூறு ரூபாய் என்று பக்கத்தில் கூவிக் கொண்டிருந்தால் கைப்பொருளுக்கு யார் விலை கொடுப்பார்கள்? பணம் கட்டுமுன் கடையின் அளவு, எந்த வரிசை, மேசையும் விளக்கும் வாடகையில் சேர்த்தியா, இரவுக் காவல் யார் பொறுப்பு, மழை பெய்தால் என்ன ஏற்பாடு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக் கொள்ள வேண்டும். முடிந்தால் முந்தின ஆண்டு அங்கே கடை போட்டவர் ஒருவரைக் கண்டு விசாரிப்பது நல்லது.

அரசு நடத்தும் கண்காட்சிகள் வேறு வகை. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் 'காந்தி சில்ப் பஜார்' என்ற பெயரில் பல ஊர்களில் நடத்துகிறது. இதற்கெல்லாம் கைவினைஞர் அடையாள அட்டை வேண்டும். 2016 முதல் 'பெஹ்சான்' என்ற பெயரில் ஆதார் எண்ணோடு இணைத்துக் கொடுக்கிறார்கள். ஹரியானாவில் 1987 முதல் நடக்கும் சூரஜ்குண்ட் மேளா, 1994-ல் தொடங்கிய தில்லி ஹாட் ஆகியவை பெரிய இடங்கள். முதல் கடைக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். முருங்கப்பாக்கம் கைவினைக் கிராமத்துக்கு ஒருநாள் போய், அங்கே வருகிறவர்கள் எதைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், எதை விலை கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள் என்று நின்று கவனித்தாலே பாதிப் படிப்பு முடிந்துவிடும்.

அட்டை வாங்கப் போகும்போதே பி.எம். விஸ்வகர்மா திட்டத்தையும் கேட்டு வரலாம். 2023 செப்டம்பர் 17 அன்று தொடங்கியது. குயவர், பொம்மை செய்வோர், கூடை பாய் பின்னுவோர் உட்பட 18 தொழில்கள் அதில் உண்டு. கருவிகளுக்கு 15,000 ரூபாய் வரையிலும், முதல் தவணைக் கடனாக 5 சதவீத வட்டியில் ஒரு லட்சம் ரூபாய் வரையிலும் கிடைக்கும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான்.

முள்ளோடையைத் தாண்டினால்

நம் பகுதிக்காரர்களுக்கு மட்டும் உள்ள சங்கடம் ஒன்று உண்டு. செலியமேட்டிலிருந்து கடலூர் கூப்பிடு தூரம். ஆனால் முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வரும்வரை எல்லைச் சோதனைச் சாவடியில் பில்லைக் காட்டிக் கொண்டு நின்ற நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். சாவடி போய்விட்டது, சட்டம் போகவில்லை. கடலூரில் கண்காட்சி என்றால் அது வெளிமாநிலத்துக்குச் சரக்கு கொண்டு போவதுதான்.

கைவினைஞர்களுக்கு இதில் ஒரு சலுகை இருக்கிறது. பெரும்பாலும் கையால் செய்த, பட்டியலில் உள்ள கைவினைப் பொருள்களை வெளிமாநிலத்தில் விற்பவருக்கு, ஆண்டு விற்றுமுதல் வரம்புக்குள் இருந்தால் பதிவு தேவையில்லை என்று 2018 அக்டோபரில் அறிவிக்கை வந்தது. புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். ஆனால் பான் எண் வேண்டும், ஈ-வே பில்லும் வேண்டும். மளிகைச் சரக்குக்கு 50,000 ரூபாய்க்கு மேல்தான் ஈ-வே பில் என்பது நமக்குப் பழக்கம். பதிவில்லாத கைவினைஞர் மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு கொண்டு போனால், மதிப்பு எவ்வளவாக இருந்தாலும் ஈ-வே பில் எடுக்க வேண்டும் என்பது விதி. பத்தாயிரம் ரூபாய்ப் பொம்மைக்கும் உண்டு. வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டால் குழுப் பெண்கள் என்ன செய்வார்கள்? நம் கடையில் கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆடிட்டர் இருக்கிறார். இந்த உதவியை நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

போகிற வண்டியில் நம் கடைச் சரக்கையும் நான்கு பெட்டி ஏற்றி அங்கே விற்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், வேண்டாம். இந்தச் சலுகை அதற்குச் செல்லாது. அதற்குத் தற்காலிக வணிகர் என்று, வியாபாரம் தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பாகவே தனிப் பதிவு எடுத்து, வரியையும் முன்கூட்டியே கட்ட வேண்டும். தின்பண்டம் விற்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லாமல் கடை விரிக்கக் கூடாது என்பதை நம் உறுப்பினர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

சரக்குத் தேர்வும் கட்டுதலும்

எத்தனை வகை கொண்டு போவது என்பதில் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். வீட்டில் உள்ளதையெல்லாம் ஏற்றிவிடுகிறார்கள். மூன்று படி விலை இருந்தால் போதும். ஐம்பது ரூபாய்க்குள் குழந்தை கேட்டதும் வாங்கிக் கொடுக்கும் சிறு சாமான் நிறைய வேண்டும். நூற்றைம்பது முதல் முந்நூறு வரை நடுத்தரச் சரக்கு. பெரியது இரண்டோ மூன்றோ போதும். அய்யனார் கோயில் குதிரை போல் ஒன்றை இடுப்புயரத்துக்குச் செய்து முன்னால் நிறுத்தினால் அது விற்காவிட்டாலும் ஆளைக் கூப்பிடும். அதைப் பார்க்க நின்றவர் விரல் நீளக் குதிரை ஒன்றை வாங்கிக் கொண்டு போவார். புதுவைக்கு வரும் வெளிநாட்டவரும் வடநாட்டவரும் விமானத்தில் போகிறவர்கள். எடை, உடைசல் இரண்டுக்கும் அஞ்சுவார்கள். பெட்டிக்குள் அடங்கும் சிறு பொருளைத்தான் தேடுவார்கள்.

சுடுமண் பொருளை ஏற்றுமுன் ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். நன்றாக வெந்தது மணி போல் கணீரென்னும். விரிசல் இருந்தால் சத்தம் செத்துப் போகும். அதைத் தனியே வைத்துவிட வேண்டும்; விலையைக் குறைத்து விற்கலாம் என்று கொண்டு போகவே கூடாது. ஒன்று வீட்டில் போய் உடைந்தால் பத்துப் பேரிடம் பேச்சுப் போகும்.

கட்டுவதற்கு அட்டைப் பெட்டி விலைக்கு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு எங்களுக்கு வியப்பாக இருந்தது. பிஸ்கட், சோப்புப் பெட்டிகளை நாம் எடைக்குப் போடுகிறோம்! ஒரு மாதம் சேர்த்து வைத்துக் கொடுத்தால் அவர்களுக்கு ஒரு செலவு மிச்சம். அடியில் வைக்கோல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு சுற்று செய்தித்தாள், கனமானது கீழே, பெட்டிக்குள் ஆட்டம் இல்லாமல் இண்டு இடுக்கில் காகிதம். பெட்டியின் மேல் உள்ளே என்ன, எத்தனை என்று எழுதி, அதையே சரக்கு நோட்டிலும் ஏற்ற வேண்டும். இரவில் மீதியை எண்ணினால் அன்றைய விற்பனை தெரியும், பணத்தோடு ஒத்துப் பார்க்கலாம். வாங்குபவருக்குக் கொடுக்கும் பை காகிதமாகவோ துணியாகவோ இருக்கட்டும். 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பை 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை.

கடையில் இருவர் இருக்க வேண்டும். ஒருவர் பொருளைக் காட்ட, மற்றவர் பணம் வாங்கிக் கட்டிக் கொடுக்க. பத்து, இருபது, ஐம்பது ரூபாய்த் தாளாக மூவாயிரம் ரூபாய் சில்லறை முதல்நாளே வேண்டும். பத்து ரூபாய் நாணயம் செல்லாது என்ற வதந்தியை நம்ப வேண்டாம். ரிசர்வ் வங்கி செல்லும் என்று பலமுறை சொல்லிவிட்டது. செல்போனில் பணம் கட்டும் கியூ.ஆர். அட்டையைக் குழுவின் வங்கிக் கணக்குக்கே வாங்க வேண்டும். ஒருவருடைய சொந்தக் கணக்கில் பணம் விழுந்தால் நல்ல நட்பும் கெடும். பணம் வந்ததாகக் காட்டும் திரையை வாங்குபவர் போனில் பார்த்து நம்பாமல், நம் பெட்டி குரல் கொடுத்த பிறகே பொருளைக் கொடுக்க வேண்டும். ஒயர் சுருள், டார்ப்பாலின், கத்தரிக்கோல், தண்ணீர்க் குடம் இவையெல்லாம் அவரவர் யோசித்துக் கொள்வார்கள்.

பொருளைப் பற்றிய உண்மையையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். புது அகலைத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்திப் பிறகு ஏற்றினால் எண்ணெய் குடிக்காது. வண்ணம் பூசிய பாத்திரம் அழகுக்கு, சமையலுக்கு அன்று. காகிதக்கூழ் பொம்மையில் தண்ணீர் படக் கூடாது. இந்த இரண்டு வார்த்தை சொன்னால் அடுத்த ஆண்டும் அதே ஆள் தேடி வருவார்.

மொத்த ஆர்டர்

கண்காட்சியில் உண்மையான வியாபாரம் சில சமயம் கடைசி நாள் சாயங்காலம்தான் வரும். கடைக்காரர் ஒருவர் வந்து, "இந்த விளக்கு ஐந்நூறு வேண்டும், என்ன விலைக்குத் தருவீர்கள்?" என்பார். சந்தோஷத்தில் பாதி விலைக்கு ஒத்துக் கொண்டு அவதிப்பட்டவர்கள் உண்டு. மேலே போட்ட கணக்குப்படி 160-ல் பாதி 80, அடக்கமே 90. ஐந்நூறுக்கு ஐயாயிரம் ரூபாய் கைவிட்டுப் போகும். அதே சமயம் 160-தான் என்று முறுக்கிக் கொள்வதும் சரியன்று. மொத்தமாகக் கொடுக்கும்போது இடவாடகையும் சாப்பாட்டுச் செலவும் அதில் ஏறாது. 110, 115 என்று கொடுத்தாலும் விளக்குக்கு இருபது, இருபத்தைந்து ரூபாய் நிற்கும். இந்த மொத்த விலையைப் புறப்படும் முன்பே முடிவு செய்து நோட்டில் எழுதியிருக்க வேண்டும்.

விலையைவிடப் பெரிய விஷயம் நாள். மண்பொருள் நிழலில் காய வேண்டும், பிறகு வெயிலில் காய வேண்டும், அதன் பிறகே சூளை. ஐப்பசி கார்த்திகை மழையில் இது எல்லாம் இழுத்துக் கொண்டே போகும். கார்த்திகை தீபத்துக்குச் சரக்கு கேட்பவருக்குப் புரட்டாசிக்குள் செய்து முடித்தால்தான் உண்டு. கொலுவுக்கு என்றால் ஆடியிலேயே சூளை வேலை முடிந்திருக்க வேண்டும். ஐந்து பெண்களின் கையால் மாதத்துக்கு எத்தனை முடியும் என்று தெரிந்து, அதற்குக் குறைவாகவே ஒத்துக் கொள்ள வேண்டும். பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் மண் பிசையத் தொடங்கக் கூடாது. பெயர், விலாசம், போன் எண், நாள், விலை, வண்டிக் கூலி யாருடையது, வழியில் உடைந்தால் யார் பொறுப்பு என்பவற்றை இரண்டு சீட்டில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக் கொண்டால் தகராறு வராது.

மீந்து வரும் சரக்கைப் பற்றியும் செலியமேட்டு உறுப்பினரிடம் பேசினோம். கால் பங்கு திரும்பி வரும் என்று வைத்தால் 7,500 ரூபாய் அடக்கமுள்ள பொருள். அதைப் பரண்மேல் போட்டு வைப்பதில் பயனில்லை. பாகூர், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் பகுதிகளில் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் கல்லாவுக்கு அருகில் ஒரு தட்டு ஒதுக்கினால், விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டில் குழுவினர் வைப்பார்கள். கடைக்காரருக்கு நூற்றுக்குப் பதினைந்து கழிவு என்று பேசியிருக்கிறோம். விலைச் சீட்டு அவர்கள் ஒட்டியதுதான், நாம் மாற்றக் கூடாது. உடைந்தது நம் கடையில் உடைந்தால் நம் கணக்கு. தட்டு ஒதுக்க விரும்புகிறவர்கள் புரட்டாசி பிறப்பதற்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுத்தால், அகல் விளக்கு கார்த்திகைக்கு முன்பே கடைக்கு வந்து சேரும்.